படத்தின் மேல் ஒரு முத்திரை

பொங்கோலில் ஒரு நாலறை வீடு விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை விற்றுத் தரும் பொறுப்பு, சொத்து முகவராகப் பதிவு பெற்றுச் சில வாரங்களே ஆன ஓர் இளைஞருக்குக் கிடைக்கிறது. முதல் வாடிக்கையாளர்! அன்றிரவே விளம்பரம் போட்டுவிட வேண்டும் என்று துடிக்கிறார்.

இணையத்தில் தேடும்போது ஒரு வியப்பு. ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே வீடு கைமாறியபோது வேறொரு முகவர் போட்ட விளம்பரம் இன்னும் அங்கே இருக்கிறது. வெளிச்சமான படங்கள், அழகான வருணனை, பரப்பளவு, மாடி, குத்தகை தொடங்கிய ஆண்டு எல்லாம் அதில் உள்ளன. படங்களின் நடுவே மட்டும் அந்த இணையத்தளத்தின் பெயர் மங்கலாகத் தெரிகிறது. “இந்தப் பெயரை அழித்துவிட்டுப் படத்தைப் போட்டால் என்ன?” என்று அவருக்குத் தோன்றுகிறது.

படத்தின் மேல் இவ்வாறு பதிக்கப்படும் அடையாளத்தை நீர்க்குறி என்பர். இந்த நீர்க்குறியைப் பற்றிச் சிங்கப்பூரில் ஒரு வழக்கே நடந்திருக்கிறது. வீட்டு விளம்பரங்களை வெளியிடும் பிராப்பர்ட்டிகுரு நிறுவனம், அதே தொழிலில் இருந்த 99.கோ நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. முகவர்கள் பிராப்பர்ட்டிகுரு தளத்தில் படங்களைப் பதிவேற்றுவார்கள். நிறுவனம் அவற்றின் அளவை மாற்றித் தன் நீர்க்குறியைப் பதிக்கும். அந்தக் குறியோடு கூடிய படங்கள் 99.கோ தளத்திலும் தோன்றின. “நாங்கள் மாற்றியமைத்த படங்களின் பதிப்புரிமை எங்களுடையது” என்று பிராப்பர்ட்டிகுரு வாதிட்டது. இரு நிறுவனங்களும் முன்பு செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தைப் பற்றியும் வழக்கில் சச்சரவு இருந்தது. அது நமக்கு இப்போது வேண்டாம்.

உயர் நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. படத்தின் அளவை மாற்றி அதன்மேல் பெயரைப் பதிப்பதால் மட்டும் ஒரு புதிய படைப்பு உருவாகிவிடாது. ஆகவே, அந்தப் படங்களுக்கு நிறுவனம் பதிப்புரிமை கோர முடியாது என்று நீதிமன்றம் கூறியது. நூலகம் தன் புத்தகங்களில் முத்திரை குத்துகிறது. அதனால் நூலகம் அந்தப் புத்தகங்களை எழுதிய ஆசிரியர் ஆகிவிடுமா?

இதைக் கேட்டதும் நம் இளைஞர் மகிழ்ச்சி அடையலாம். ஆனால், அவர் அவசரப்படுகிறார். படம் இணையத்தளத்திற்குச் சொந்தமில்லை என்றால், அது அவருக்குச் சொந்தம் என்று பொருளா? அந்தப் படத்தை யாரோ ஒருவர் எடுத்திருக்கிறார். சன்னல் திரையை விலக்கி, வெளிச்சம் வரும் நேரத்திற்காகக் காத்திருந்து எடுத்திருப்பார். சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டம் 2021, அந்த ஆண்டு நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி, பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னாலும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை படம் எடுத்தவருக்கே. முன்பு, பெரும்பாலும் பணம் கொடுத்தவர் பக்கமே உரிமை இருந்தது. ஒரு நிறுவனத்தின் ஊழியர் வேலையின் பகுதியாக எடுத்த படம் என்றால் நிலைமை வேறு. எப்படியானாலும், முன்பின் அறியாத இன்னொரு முகவருக்கு அதில் உரிமை இல்லை. வருணனையும் அப்படித்தான். அது ஒருவர் யோசித்து எழுதியது.

அப்படியானால் பரப்பளவு? குத்தகை தொடங்கிய ஆண்டு? அவை தகவல்கள். வெறும் தகவலை யாரும் தமக்கு மட்டும் சொந்தம் என்று பூட்டி வைக்க முடியாது. தொலைபேசிக் கையேடுகள் தொடர்பான ஒரு வழக்கில் நமது மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் இதைத் தெளிவுபடுத்தியது. மேலும், வீவக வீடுகளின் மறுவிற்பனை விலைகளை 1990 முதல் அரசாங்கத்தின் பொதுத் தரவுத்தளத்தில் எவரும் பார்க்கலாம். புளோக், பரப்பளவு, விலை எல்லாம் அங்கே இருக்கும். பயன்படுத்தும்போது, எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட வேண்டும்.

ஆனால், தகவலுக்கும் வயதாகிறது. பொங்கோலில் இது இன்னும் வேகமாக நடக்கிறது. டெக் லீ இலகு ரயில் நிலையம் 2024 ஆகஸ்ட் 15-இல்தான் திறக்கப்பட்டது. பொங்கோல் கோஸ்ட் பெருவிரைவு ரயில் நிலையம் அதே ஆண்டு டிசம்பர் 10-இல் திறக்கப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய “நிலையத்திற்கு நடக்கும் தூரம்” என்ற வரியை அப்படியே ஒட்டினால், வீட்டை வாங்க வருபவருக்குத் தவறான செய்தி போய்ச் சேரும். அந்தப் படங்களில் உள்ள சமையலறையும் இப்போது மாறியிருக்கலாம். விளம்பரத்தில் உண்மையான விவரமே இருக்க வேண்டும், முகவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும், வீட்டு உரிமையாளரின் ஒப்புதலும் வேண்டும் என்பவை முகவர்களுக்கான விதிமுறைகள்.

இளைஞர் தம் குழுவில் உள்ள மூத்த முகவரிடம் கேட்கிறார்.

“அக்கா, பழைய படத்தைப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?”

“வாங்க வருபவருக்குத் தெரியும் தம்பி. கதவைத் திறந்ததும் தெரியும்.”

மறுநாள் மாலை அவர் கைத்தொலைபேசியுடன் அந்த வீட்டிற்குப் போகிறார். கூடத்துச் சுவரில் உரிமையாளரின் மகள் பள்ளியில் வாங்கிய சான்றிதழ் மாட்டியிருக்கிறது. பெயரும் பள்ளியும் பளிச்சென்று தெரிகின்றன.

“அம்மா, படம் எடுக்கும்வரை இதைக் கொஞ்சம் கழற்றி வைக்கலாமா?” என்று அவர் கேட்கிறார்.