விபத்துக்கு முன்பே எழுத வேண்டிய செய்தி

அன்புள்ள தம்பிக்கு,

சுற்றுச்சூழல் நிருபராக விரும்புவதாகவும், யாரைப் படித்தால் தொழில் பிடிபடும் என்றும் கேட்டு எழுதியிருந்தாய். போபால்காரர் ராஜ்குமார் கேஸ்வானியிடமிருந்து தொடங்கு.

1981 டிசம்பரில், போபால் யூனியன் கார்பைடு ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் மீது ஃபாஸ்ஜீன் தெறித்தது. பதறிப்போய் முகமூடியைக் கழற்றினார். நச்சு நுரையீரலுக்குள் போய்விட்டது. அவர் பிழைக்கவில்லை. இறந்தவர் கேஸ்வானிக்குத் தெரிந்தவர். ‘ரபட்’ என்ற சிறிய இந்தி வார இதழை நடத்திவந்த கேஸ்வானி, அந்த மதிலுக்குள் இன்னும் என்னென்ன இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினார்.

முதலில் வேதியியல் நூல்களைப் புரட்டினார். ஃபாஸ்ஜீனும் சரி, எம்ஐசி எனப்படும் மீதைல் ஐசோசயனேட்டும் சரி, காற்றைவிடக் கனமானவை. காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29, எம்ஐசியின் எடை 57. கசிந்தால் மேலெழுந்து கலைந்துவிடாது, தரையோடு படரும். ஆலைக்கு எதிரிலேயோ குடிசைகள், தரையில் படுத்துறங்கும் மக்கள்.

அடுத்து ஆட்களைத் தேடினார். ஆலைத் தொழிலாளர்கள் மூலம் உள் ஆவணங்கள் கிடைத்தன. 1982 மே மாதம் அமெரிக்கத் தலைமையகத்திலிருந்து வந்த குழு நடத்திய பாதுகாப்பு ஆய்வின் அறிக்கையும் அவற்றில் இருந்தது. ஆலையின் குறைகளை ஆலையின் தாய் நிறுவனமே பட்டியல் போட்டிருந்தது. 1982 செப்டம்பர், அக்டோபரில் அடுத்தடுத்துக் கட்டுரைகள் எழுதினார். எரிமலையின் வாயில் போபால் உட்கார்ந்திருக்கிறது என்று எச்சரித்தார். அதே அக்டோபரில் ஆலையில் வாயு கசிந்து, அக்கம்பக்கத்தார் நள்ளிரவில் ஓடினார்கள். டிசம்பரில் சட்டப்பேரவையில் கேள்வி வந்தபோது தொழிலாளர் துறை அமைச்சர், ஆலை 25 கோடி ரூபாய் முதலீடு, தூக்கி வேறிடத்தில் வைக்க அது ஒரு கல் அல்ல என்று பதிலளித்தார்.

கேஸ்வானி விடவில்லை. 1984 ஜூனில் ‘ஜன்சத்தா’ நாளிதழில் மறுபடியும் எழுதினார்.

அந்த ஆண்டு டிசம்பர் 2 நள்ளிரவில் 610ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து, சுமார் 40 டன் எம்ஐசி வெளியேறியது. தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்துக்குப் போகும் குழாய் இணைப்பில் இல்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைகள் போபாலுக்கு ஓடிவந்தன. அவை எழுதியதில் பெரும்பகுதி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சிறு வார இதழில் அச்சாகியிருந்தது.

பிணங்களை எண்ணும்போது எழுதுவது மட்டும் நம் வேலை இல்லை, தம்பி. அதற்கு முன்பும் எழுத வேண்டும், பின்பும் எழுத வேண்டும். போபாலிலேயே பார்: ஆலை வளாகத்தில் கிடந்த 337 டன் நச்சுக்கழிவு பீதம்பூருக்கு லாரிகளில் ஏறியது 2025 ஜனவரியில்தான். அப்போது விபத்து நடந்து 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. சுற்றியுள்ள குடியிருப்புகளின் நிலத்தடி நீர் கெட்டுப்போய், நல்ல குடிநீர் வழங்கும்படி 2004இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இதையெல்லாம் கேமராக்கள் போன பிறகும் ஊரில் தங்கியவர்கள்தான் எழுதினார்கள்.

கேஸ்வானிக்கு இல்லாத வசதிகள் உனக்கு உண்டு. 2005 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பெரிய ஆலைகள் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். உன் மாவட்டத்தில் அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டம் எந்த ஆலைக்கு என்று விசாரி. அறிக்கையின் சுருக்கத்தோடு நிறுத்திவிடாதே. இடர் மதிப்பீட்டு அத்தியாயத்தை எடு. என்ன வேதிப்பொருள், எத்தனை டன், முதல் வீடு எத்தனை மீட்டரில் என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு போய் நேரில் நடந்து பார். ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் ஆலை வாசலில் பேசாதே, வேலை போய்விடும். வீட்டில் சந்தித்துப் பேசு, பெயரை வெளியிடாதே. முதல் கட்டுரையை எழுதியதும் ஆவணங்களின் நகலோடு எனக்கு அனுப்பிவை. வரிவரியாகச் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்