பாதை சீரானால் பாசஞ்சர் வண்டிக்கு என்ன லாபம்?

சென்னை–கூடூர் இருப்புப்பாதையை வலுப்படுத்தி, அதன் உச்ச வேகத்தை 2022-ஆம் ஆண்டில் மணிக்கு 110 கி.மீட்டரிலிருந்து 130 கி.மீட்டராக உயர்த்தினார்கள். "அப்படியானால் நிலையத்துக்கு நிலையம் நின்று செல்லும் பாசஞ்சர் வண்டியும் அதே அளவு சீக்கிரம் போய்ச் சேருமா, சார்?" என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். அத்தகைய வண்டியில் நாள்தோறும் வந்து, பாதி நாள் முதல் வகுப்பைத் தவறவிடுபவன் அவன். கரும்பலகையில் கணக்கிட்டுப் பார்த்தோம். நீங்களும் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரு நிலையங்களுக்கு இடையே 7 கி.மீ. எனக் கொள்வோம். புறப்பட்ட வண்டியின் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 0.2 மீட்டர் கூடுகிறது. பிரேக் போட்டால் 0.5 மீட்டர் குறைகிறது. (எளிமைக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை.) உச்ச வேகம் வினாடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கி.மீ.

இந்த வேகத்தை எட்ட 150 வினாடி ஆகும். சராசரி வேகம் 15 மீட்டர். ஆகவே அதற்குள் 2,250 மீட்டர் கடந்துவிடும். நிற்பதற்கு 60 வினாடி, 900 மீட்டர். எஞ்சிய 3,850 மீட்டரை உச்ச வேகத்தில் கடக்க 128 வினாடி. மொத்தம் 338 வினாடி.

இப்போது உச்ச வேகத்தை 35 மீட்டராக (மணிக்கு 126 கி.மீ.) உயர்த்துங்கள். இதே முறையில் கணக்கிட்டால் 322 வினாடி வரும். லாபம் வெறும் 16 வினாடி! நிற்காமல் செல்லும் எக்ஸ்பிரஸுக்கோ இதே தூரத்தில் 33 வினாடி மிச்சம். பாசஞ்சர் வண்டி தன் நேரத்தில் பெரும்பகுதியை வேகம் கூட்டுவதிலும் குறைப்பதிலுமே செலவிடுகிறது. உண்மையில் வேகம் ஏற ஏற எஞ்சினின் இழுவிசையும் குறையும் என்பதால், அந்த 16 வினாடியும் முழுதாகக் கிடைக்காது.

என் மாணவனின் முகம் வாடியது. ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை.

வழியில் 500 மீட்டர் நீளத்துக்குப் பாதை பலவீனமாக இருக்கிறது; அங்கே வேகம் 10 மீட்டருக்கு மேல் கூடாது என்று வைத்துக்கொள்வோம். 30-இலிருந்து 10-க்கு இறங்க 40 வினாடி, 800 மீட்டர். வண்டியின் நீளம் 300 மீட்டர் என்றால், கடைசிப் பெட்டியும் தாண்டும்வரை 800 மீட்டரை ஊர்ந்தே கடக்க வேண்டும்; அதற்கு 80 வினாடி. (பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.) மீண்டும் 30-ஐ எட்ட 100 வினாடி, 2,000 மீட்டர். ஆக 3,600 மீட்டருக்கு 220 வினாடி. தடையில்லாவிட்டால் 120 வினாடி போதும். அரை கிலோமீட்டர் மோசமான பாதை 100 வினாடியை விழுங்கிவிட்டது! உச்ச வேகத்தை உயர்த்தி இதை ஈடுகட்ட ஆறு நிலையங்களைத் தாண்ட வேண்டும்.

ஆகையால் பாசஞ்சர் பயணிக்கு, உச்ச வேகத்தைவிடத் தேய்ந்த ஸ்லீப்பர்களை மாற்றுவதும், ஜல்லியை இறுக்குவதும், பழைய பாலத்தைப் புதுப்பிப்பதுமே அதிகம் பயன் தரும். பாம்பனைப் பாருங்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் ரயில்கள் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தன, இரண்டு கிலோமீட்டருக்கு 12 நிமிடம். 2025-இல் திறந்த புதிய பாலத்தில் 75 கி.மீ. வரை அனுமதி உண்டு. செங்குத்தாக உயரும் நடுப்பகுதியில் மட்டும் 50. ஓரிரு நிமிடங்களில் கடந்துவிடலாம்.

ஒரு கணக்கு உங்களுக்கு: நிலையங்களுக்கு இடையே 3 கி.மீ. மட்டுமே இருந்தால், உச்ச வேகத்தை 30-இலிருந்து 35 ஆக்குவதால் எத்தனை வினாடி மிச்சமாகும்? விடை காணுமுன், வேகம் கூட்டவும் குறைக்கவும் தேவையான தூரங்களைக் கூட்டிப் பாருங்கள்.