நடுவில் ஓட்டை, உள்ளே வெளிச்சம்



போன மாதம் எங்க அம்மாச்சிக்கு எண்டோஸ்கோப்பி எடுத்தாங்க. "பாம்பு மாதிரி டியூப்பை விழுங்கச் சொல்றாங்கடி, நான் மாட்டேன்"னு ஒரே அழுகை. டியூப் விட்டது பத்து நிமிஷம்தான். ஆனால் வயிற்றில் புண் இருந்த இடத்தில் துளி சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. முடிவு வர ஒன்பது நாள் ஆச்சு. அந்த ஒன்பது நாளும் எங்க வீட்டில் யாரும் சரியாச் சாப்பிடலை. (சாதாரணப் புண்தான் என்று வந்தது.) "கிள்ளாமல் அங்கேயே பார்த்துச் சொல்ல முடியாதா டீச்சர்?" என்று கேட்டேன். டீச்சர் சொன்னதையும் நான் படித்ததையும் எழுதுகிறேன்.

கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் வளைந்து போவது முழு அக எதிரொளிப்பால். வெளிச்சம் அடர்மிகு ஊடகத்தில் இருந்து அடர்குறை ஊடகத்தின் எல்லையில் சாய்வாக மோதினால் வெளியே போகாமல் உள்ளேயே திரும்பும். இப்படி இழைக் கட்டு வழியாகப் படத்தை அனுப்ப முடியும் என்று 1954-இல் லண்டனில் காட்டியவர்கள் ஹாப்கின்ஸும், பஞ்சாபின் மோகா ஊரில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும். 1957-இல் அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற டாக்டர் வளையும் எண்டோஸ்கோப் செய்து, முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். அம்மாச்சியிடம் சொன்னேன். "அவருக்கு வேற வேலை இல்லையா?"ன்னு கேட்டாங்க! இப்போது பெரும்பாலும் டியூப்பின் நுனியிலேயே குட்டிக் கேமரா இருக்கிறது.

ஆனால் கேமராவில் தெரிவது புண்தான். அதில் உள்ள செல்கள் தெரியாது. செல்களைப் பார்க்க ஒரு வழி லேசர் துடிப்பு. ஒரு நொடியைப் பத்து லட்சம் கோடிப் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு நேரம்தான் ஒரு துடிப்பு. அது பட்டால் செல்லில் உள்ள சில பொருள்கள் தாமாகவே ஒளிரும். சாதாரண இழையில் அனுப்பினால் கண்ணாடியே அந்தத் துடிப்பை நீட்டிக் கெடுத்துவிடும். காற்றில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. அதனால்தான் நடுவில் ஓட்டை உள்ள இழை.

இங்கேதான் எனக்குக் குழப்பம். உள்ளே காற்று, சுற்றிக் கண்ணாடி. அடர்வு தலைகீழாகிவிட்டதே! நம்ம பாடப்படி வெளிச்சம் வெளியே ஓடிவிட வேண்டுமே? டீச்சரும் "நல்ல கேள்வி"ன்னு சொல்லி மறுநாள்தான் பதில் சொன்னாங்க. நடு ஓட்டையைச் சுற்றித் தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகள் வரிசையாக இருக்குமாம். ஒவ்வொரு துளையின் சுவரும் கொஞ்சம் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பும். அந்தக் கொஞ்சங்கள் ஒன்று சேர்ந்து வெளிச்சத்தை நடுவுக்கே தள்ளிவிடும். சோப்புக் குமிழியில் நிறம் தெரிவதும் இப்படி அலைகள் சேர்வதால்தான். ஆனால் எல்லா நிறமும் போகாது, துளைகளின் அளவுக்குப் பொருந்திய நிறம் மட்டுமே போகும். இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் குழுவினர் 1999-இல் இதைச் செய்து காட்டினார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. இந்த இழை ஒரு நேரத்தில் ஒரு புள்ளியைத்தான் பார்க்கும். நுனியை வேகமாக ஆட்டி, கோலத்துக்குப் புள்ளி வைப்பது போலப் புள்ளி புள்ளியாகச் சேர்த்தால்தான் படம். இப்போதைக்குப் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களில்தான் செய்து பார்க்கிறார்கள். அம்மாச்சிக்கு அடுத்த வருஷம் மறுபடி பார்க்கணுமாம். அப்பவும் கிள்ளித்தான் எடுப்பாங்க.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி