வானிலிருந்து எடுத்த படமும் வனத்தில் செல்லும் வழியும்



நம் தோட்டப்புறங்களிலிருந்து காட்டிற்குச் செல்வோர் பலர். உரிமம் பெற்றுக் காட்டுப்பன்றி வேட்டைக்குச் செல்வோர் சிலர். பெத்தாய் பறிக்கவும் ஆற்றுமீன் பிடிக்கவும் செல்வோர் சிலர். இவர்கள் இன்று கைப்பேசியை நம்பியே புறப்படுகின்றனர். மலையின் மறுபுறம் இறங்கியதும் தொடர்பு அற்றுப்போகிறது. அப்பொழுதும் தான் இருக்குமிடத்தைக் கைப்பேசி அறியும். அதனை அறிவிப்பவை கோபுரங்கள் அல்ல, துணைக்கோள்கள். ஆனால் முன்கூட்டி இறக்கி வைக்காத நிலப்படம் திரையில் தோன்றாது. வெற்றுத் திரையில் ஒரு புள்ளி மட்டுமே நிற்கும். மின்கலம் தீர்ந்தால் அப்புள்ளியும் இல்லை. ஆகவே, சட்டைப்பையில் மடித்து வைக்க ஒரு தாள் வேண்டும். அதனைக் குறைந்த செலவில் ஆக்கும் முறையைக் காண்போம்.

நிலப்படம் என்பது முற்காலத்தில் எளிதில் கிட்டிய பொருளன்று. 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே எஃகுச் சங்கிலியால் நிலத்தை அளந்து தொடங்கிய பணி, இந்தியா முழுவதும் பரவப் பல்லாண்டுகள் பிடித்தன. 1972ஆம் ஆண்டில் அமெரிக்கா முதல் ‘லேண்ட்சாட்’ துணைக்கோளை ஏவியபின், வானிலிருந்தே நிலத்தைப் படம்பிடிக்கும் முறை வளர்ந்தது. எனினும், 1999இல் ஏவப்பட்ட ஏழாம் லேண்ட்சாட்டின் ஒரு படத்திற்கு ஏறத்தாழ 600 அமெரிக்க வெள்ளி கொடுக்க வேண்டியிருந்தது. 2008 முதல் அப்படங்கள் இலவசம். 2015இல் ஐரோப்பியர் ஏவத் தொடங்கிய ‘செந்தினல்-2’ துணைக்கோள்களின் படங்களும் இலவசமே. இன்று நமக்கு ஆகும் செலவு, வண்ண அச்சுக்கான கூலி மட்டுமே.

இப்படங்கள் எத்துணை நுட்பமானவை? லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி என்பது 30 மீட்டர் சதுர நிலம். செந்தினலில் 10 மீட்டர் சதுரம். ஒரு காற்பந்துத் திடல் முன்னதில் ஏறத்தாழ எட்டுப் புள்ளிகளில் அடங்கிவிடும். பின்னதில் எழுபது புள்ளிகளாக விரியும். நடப்பவருக்குப் பின்னதே ஏற்றது. வானத்தில் மேகம் இருப்பின் படத்தில் வெண்பஞ்சு மட்டுமே தெரியும். ஆதலின் மேகம் குறைந்த நாளின் படத்தைத் தேடி எடுத்தல் வேண்டும்.

கிந்தா பள்ளத்தாக்கின் படத்தைப் பாருங்கள். பத்து காஜா, கம்பார் வட்டாரங்களில் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் சிதறிய கண்ணாடித் துண்டுகள்போல் தெரியும். ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளில் கல் வெட்டிய முகங்கள் வெளேரெனத் தோன்றும். செம்பனைத் தோட்டத்தின் பாதைகள் கட்டங்கட்டமாகத் தெரியும். இரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் செம்பனை வந்தபின், நம் முதியவர்கள் சொல்லும் பழைய அடையாளங்கள் பல மறைந்தன. புதிய படம் அக்குறையை ஓரளவு தீர்க்கிறது. ஆனால் காட்டிற்குள்? மேலே இலைக்கூரை மட்டுமே. அதன் அடியிலுள்ள ஒற்றையடிப் பாதையோ, சிற்றோடையோ, பாறைச் சரிவோ தெரியா. படம் வேறு, நிலப்படம் வேறு என்பது இங்கேதான் விளங்கும்.

இக்குறையை நீக்குவன சமவுயரக் கோடுகள். நில அளவைத் துறையின் 1:50,000 அளவுப் படங்களில் அவை உண்டு. எனினும் அப்படங்களைப் பெற அனுமதி கோர வேண்டியிருக்கும். கணினி வழியே இலவசமாகக் கிட்டும் ‘ஓப்பன்டோப்போமேப்’ போன்றவற்றில், 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘எண்டெவர்’ விண்கலம் ரேடார் கொண்டு அளந்த உயரங்கள் பயன்படுகின்றன. அடர்காட்டில் அந்த ரேடார் மண்ணைத் தொடாமல் மரத்தலைகளின் அருகிலேயே திரும்பியதால், உயரம் சற்று மிகுந்தே காட்டும். மலையின் வடிவத்திற்கு அதனை நம்பலாம். மீட்டர்க் கணக்கிற்கு நம்பலாகாது. கோடுகள் மேட்டை நோக்கிக் கூர்ந்தால் அது பள்ளத்தாக்கு; தாழ்வை நோக்கிக் கூர்ந்தால் மலைமுதுகு. 1:25,000 அளவுப் படத்தில், 20 மீட்டர் உயர வேறுபாடுள்ள இரு கோடுகள் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கினால், 25 மீட்டர் தொலைவிற்குள் 20 மீட்டர் ஏறவேண்டும். மாடிப்படியைவிடச் செங்குத்து! 2,183 மீட்டர் உயரமுள்ள கொர்பு மலையின் சரிவுகளை இவ்வாறு படித்தறிந்தபின் காலை எடுத்து வையுங்கள்.

அச்சிடும்பொழுது பலர் ஏமாறுவது ஓரிடத்தில். தாளுக்குள் அடங்கவேண்டி அச்சுப்பொறி படத்தைச் சுருக்கிவிடும். ஓரத்தில் எழுதிய ‘1:25,000’ மட்டும் மாறாது நிற்கும். ஆகவே எண்ணை நம்பாது, படத்துடன் சேர்ந்தே சுருங்கும் அளவுக்கோட்டை நம்புங்கள். ஒரு கிலோமீட்டர்க் கோடு அடிக்கோலில் நான்கு சென்டிமீட்டர் காட்டினால் அச்சு சரி. அவ்வளவில் ஏ4 தாள் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் அகலமும் 7 கிலோமீட்டர் நீளமும் கொள்ளும். ஒருநாள் நடைக்குப் போதும். மைதெளிப்பு அச்சு மழையில் கரையும். லேசர் அச்சு தாங்கும். இரண்டையும் நெகிழி உறையில் இடுக. நம் நாட்டில் திசைகாட்டியின் வடக்கிற்கும் உண்மை வடக்கிற்கும் வேறுபாடு ஒரு பாகைக்கும் குறைவு. இது நமக்கு வாய்த்த நற்பேறு.

படத்தில் வாராத ஒன்றுண்டு: எல்லை. தோட்டம் எங்கே முடிகிறது, வனக்காப்பகம் எங்கே தொடங்குகிறது என்பதை வானம் காட்டாது. 1984ஆம் ஆண்டு தேசிய வனவியல் சட்டம், 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றின்கீழ் நுழைவு அனுமதியும் வேட்டை உரிமமும் வேண்டும். உரிய அலுவலகத்தில் கேட்டு, எல்லையைச் சிவப்பு மையால் தாளில் வரைந்துகொள்க. ஓடைகளின் பெயர்களைத் தெமியார், செமாய் மக்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் அறிந்த காட்டில் நாம் விருந்தினர்.

பயிற்சி: 100 மீட்டர் நீளமுள்ள திடல், 1:25,000 படத்தில் எத்தனை மில்லிமீட்டர்? உங்கள் வீட்டிலிருந்து பள்ளிவரை படத்தில் நூல் வைத்து அளந்து தொலைவைக் கணக்கிடுக. பின்னர்த் தந்தையாருடன் அடி எண்ணி நடந்து ஒப்பிட்டுப் பார்க்க.