வெளியில் தெரியாத மடிநோய்: சோப்புத்தூள் காட்டிக் கொடுக்கும்

கறவை மாடு வளர்ப்போருக்கு மடிநோய் புதிதன்று. மடி வீங்கிச் சூடேறி, பால் திரிதிரியாக வந்தால் எவரும் கண்டுகொள்வர். ஆனால் வீக்கம், வலி ஏதுமின்றிப் பால் வெள்ளையாகவே இருக்கும்போது, காம்புத் துளை வழியே புகுந்த கிருமிகள் மடிக்குள் தங்கி, நாள்தோறும் பாலைக் குறைத்து வரும் நிலையும் உண்டு. இது அறிகுறியற்ற மடிநோய் எனப்படும். வெளிப்படையான மடிநோயைக் காட்டிலும் இதுவே மிகுதியாகக் காணப்படுகிறது. மாட்டுக்காரரோ, "தீனி போதவில்லை" என்றும் "கண் பட்டுவிட்டது" என்றும் எண்ணிக் காலம் கழிப்பார்.

மடிக்குள் கிருமி புகுந்ததும் அதை எதிர்க்க இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் அங்கே திரள்கின்றன. இவை பாலிலும் கலந்து வரும். நலமான மடியில் ஒரு மில்லி லிட்டர் பாலில் இரண்டு லட்சத்துக்கும் குறைவான செல்களே இருக்கும். ஐந்து லட்சத்தைத் தாண்டினால் அந்தக் காம்பில் கிருமி இருப்பதாகப் பெரும்பாலும் கொள்ளலாம். ஐரோப்பிய நாடுகளில் பண்ணைப் பாலில் சராசரி நான்கு லட்சத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டமே உண்டு. ஆராய்ச்சிக் கட்டுரைகள் இந்தக் கணக்கோடு நின்றுவிடும். ஆனால் பயிற்சி முகாமில் இதைச் சொன்னால், "எத்தனை லட்சம் என்பது இருக்கட்டும் ஐயா, எத்தனை லிட்டர் போச்சு?" என்றுதான் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே.

கணக்கைப் பார்ப்போம். உங்கள் மாடு நாளொன்றுக்கு எட்டு லிட்டர் கறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நோய்ப்பட்ட ஒரு காம்பினால் அரை லிட்டர் குறைந்தாலும் 300 நாள் கறவையில் 150 லிட்டர் இழப்பு. லிட்டர் 35 ரூபாய் என்றால் 5,250 ரூபாய். இழப்பு இத்துடன் நிற்பதில்லை. நோய்ப்பட்ட மடியின் பாலில் சர்க்கரைச் சத்தும் கேசின் என்னும் புரதமும் குறைந்து உப்பு கூடுகிறது. ஆகவே கொழுப்பற்ற திடப்பொருளின் அளவு இறங்கி, சங்கத்தில் கிடைக்கும் விலையும் இறங்குகிறது. அத்தகைய பாலில் பன்னீரும் பாலாடைக்கட்டியும் குறைவாகவே தேறும் என்பதால் பால் பண்ணைகளுக்கும் இது நட்டமே.

செல்களை எண்ண நுண்ணோக்கி வேண்டும். அது இல்லாமல் கண்டறியும் முறையை 1957-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஷாம், நூர்லாண்டர் என்னும் இருவர் வகுத்தனர். சலவைப் பொருளைச் சேர்த்தால் செல்கள் உடைந்து, உள்ளிருக்கும் டி.என்.ஏ. வெளிவந்து பால் கூழாகத் தடிக்கும். அந்தக் கலிபோர்னியாக் கரைசலை வாங்கியாக வேண்டும். பாகிஸ்தானின் பைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தார் கடைகளில் விற்கும் துணி துவைக்கும் சோப்புத்தூளையே அதற்குப் பதிலாகப் பயன்படுத்திக் காட்டினர். ஆராய்ச்சி மாட்டுக்கொட்டகைக்குள் வந்தது அப்போதுதான் என்பது என் கருத்து.

செய்முறை எளிது. அரை லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி, அதாவது சுமார் 15 கிராம் சோப்புத்தூளைக் கரைக்கவும். காம்புகளைக் கழுவித் துடைத்து, முதல் இரண்டு மூன்று பீச்சல்களை நீக்கிவிடவும். பிறகு நான்கு காம்புகளின் பாலையும் நான்கு சிறு கிண்ணங்களில் தனித்தனியே பிடிக்கவும். எல்லாப் பாலையும் ஒன்றாகக் கலந்து பார்த்தால் நல்ல காம்புகளின் பால் கெட்ட காம்பை மறைத்துவிடும். பாலின் அளவுக்குச் சமமாகக் கரைசலை ஊற்றி ஒரு நிமிடம் மெல்லச் சுழற்றவும். நீர்போலவே இருந்தால் நலம். சற்றே வழவழத்தால் சந்தேகம். சில நாள் கழித்து மீண்டும் பார்க்கவும். முட்டை வெள்ளைக்கருபோல் தடித்தால் அந்தக் காம்பில் நோய் உண்டு. கன்று ஈன்ற முதல் சில நாட்களிலும், பால் வற்றும் தறுவாயிலும் நல்ல மடியிலும் தடிப்பு காட்டும். அப்போது பார்த்துப் பயனில்லை. சோதித்த பாலைக் கன்றோ நாயோ குடிக்காதபடி கொட்டிவிடவும். மாதம் ஒரு முறை பார்த்தால் போதும்.

நோய் தெரிந்துவிட்டால், ஊசி மருந்தை நீங்களே வாங்கிக் காம்பில் ஏற்றிவிட வேண்டாம். எந்தக் கிருமி என்பதைப் பொறுத்தே மருந்து. கால்நடை மருத்துவரிடம் காட்டி, இயன்றால் பால் மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பவும். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் பூசும் மூலிகை முறையும் தமிழகத்தில் பலர் அறிந்ததே. அதைச் செய்வோரும் சோப்புத்தூள் சோதனையால் பலனைச் சரிபார்க்கவும்.

நோய் மற்ற மாடுகளுக்குப் பரவுவது பெரும்பாலும் கறப்பவர் கையாலும் துணியாலும்தான். நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறக்கவும். கட்டைவிரலை மடக்கிக் காம்பை நசுக்கிக் கறக்கும் பழக்கத்தை விட்டு, முழுக் கையால் கறக்கவும். கறந்து முடித்ததும் காம்புகளை அரை சதவீத அயோடின் கரைசலில் நனைக்கவும். 1960-களில் இங்கிலாந்தின் ரெடிங் பால்வள ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த ஐந்து அம்சத் திட்டத்தில் இதுவும் ஒன்று. இத்திட்டத்தை அவர்கள் உழவர்களின் பண்ணைகளிலேயே சோதித்தும் பார்த்தனர். கறந்தவுடன் காம்புத் துளை சிறிது நேரம் திறந்தே இருக்கும். எனவே மாடு உடனே படுத்துவிடாமல் அரை மணி நேரம் நின்று தின்னும்படி தீவனம் போடவும். இதற்குச் செலவே இல்லை. இருந்தும் பலர் கறப்பதற்கு முன்பே தீவனத்தைப் போட்டுத் தீர்த்துவிடுகிறார்கள்.

பால் வற்றும் காலத்தில் காம்பினுள் செலுத்தும் நீடித்த மருந்து பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். கறவையில் உள்ளபோது மருந்து செலுத்தினால், அவர் குறிப்பிடும் நாட்கள் வரை எல்லாக் காம்புகளின் பாலையும் சங்கத்துக்கு ஊற்றாமல் தனியே நீக்கிவிடவும். மருந்து கலந்த பால் கேனில் சேர்ந்தால் மற்றவர் பாலும் தயிராக உறையாது.