ஹெரால்டு வண்டியின் வில்லும் ஸ்டியரிங்கும்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சினைப் பற்றியே பேசுவர். எத்தனை குதிரைச்சக்தி, மணிக்கு எத்தனை மைல் என்பனவே முதற்கண் எழும் வினாக்கள். ஆயினும், ஓடுகின்ற வண்டியையும் அதனுள் அமர்ந்த உயிர்களையும் சாலையோடு பிணைத்து வைப்பன, நான்கு சக்கரங்களின் அடியில் உள்ளங்கையளவே தரையைத் தொடும் நான்கு ரப்பர்ப் பரப்புகளேயாம். அந்நான்கும் தரையினின்று நீங்காவாறு காப்பது வில்லமைப்பு. அவை செல்லவேண்டிய திசையை அவற்றிற்கு உணர்த்துவது ஸ்டியரிங். பழைய வண்டியொன்றில் இவ்விரண்டையும் சீர்திருத்துமாறு எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

தருமபுரி மாவட்டத்து மாணவர்க்கு இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று. தருமபுரியினின்று சேலம் நோக்கிச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொப்பூரை அடைந்ததும் கணவாய் வழியாகக் கீழிறங்குகிறது. அவ்விறக்கத்தின் வளைவுகள் விபத்துக்குப் பேர்போனவை. பென்னாகரத்தினின்று ஒகேனக்கலுக்கு இறங்கும் பாதையும், வத்தல்மலைக்கு ஏறும் பாதையும் வளைந்து வளைந்து செல்வனவே. சமநிலத்திற் குறை தெரியாது ஓடும் பழைய வண்டி, இத்தகைய இறக்கங்களிலேதான் தன் உள்ளக் குறையை வெளியிடும்.

பெருவலி வண்டிகள் தரும் பாடம்

அமெரிக்காவில் 'மசில் கார்' என்று அழைக்கப்பெறும் வண்டிகள் சில உண்டு. நடுத்தர உடலில் பெரிய எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தியவை அவை. 1964ஆம் ஆண்டில் வெளிவந்த பான்டியாக் ஜி.டி.ஓ. இவ்வகைக்கு முன்னோடி என்பர். நேர்ச்சாலையிற் பாய்ந்து செல்ல வல்ல இவ்வண்டிகள் பல, வளைவிலே தடுமாறின. 1967ஆம் ஆண்டின் கமாரோ வண்டியில் பின்புறத்துப் பட்டைவில் ஒவ்வொன்றும் ஒற்றைப் பட்டையாலானது. எஞ்சின் முழுவலியுடன் இழுக்கும்போது அப்பட்டை முறுக்குண்டு, பின்னச்சு துள்ளியது. மறு ஆண்டே, இரு ஷாக் அப்சார்பர்களுள் ஒன்றை அச்சின் முன்னும் மற்றொன்றைப் பின்னுமாக மாற்றி வைத்து அத்துள்ளலைக் குறைத்தனர். வலிமிக்க வகைகளுக்குப் பல பட்டை வில்லும் தந்தனர்.

இதனினும் வியக்கத்தக்கது மஸ்டாங் வண்டியில் நிகழ்ந்த திருத்தம். போர்டு நிறுவனத்துப் பொறியியலாளர் கிளாஸ் ஆர்னிங் என்பார் கண்ட வழிப்படி, முன்சக்கரத்தின் மேற்கையினது உட்புற மூட்டு ஓரங்குலம் கீழே இறக்கப்பட்டது. வண்டி வளைவிற் சாயும்போது வெளிப்புறச் சக்கரம் முன்னிலும் நிமிர்ந்து நின்று தரையைப் பற்றுவதற்கு அவ்வோரங்குலமே போதியதாயிற்று. 1965ஆம் ஆண்டின் ஷெல்பி ஜி.டி. 350 வண்டியில் இத்திருத்தம் இடம்பெற்றது. புதிதாக ஓர் உறுப்பும் சேர்க்கப்படவில்லை. உள்ள உறுப்பின் இடமே மாற்றப்பட்டது. வில்லமைப்பில் விலையினும் வடிவக்கணக்கே பெரிது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

நம் நாட்டு வண்டி

அத்தகைய பெருவலி வண்டிகள் நம் சாலைகளில் அரியன. ஆயினும் அதே பாடத்தை வேறொரு வகையாற் கற்பிக்கும் வண்டியொன்று தமிழ்நாட்டிலேயே செய்யப்பட்டது. 1948ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் என்னும் நிறுவனம், வண்டலூரிலிருந்த தன் தொழிற்சாலையில் 1961ஆம் ஆண்டு முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்னும் வண்டியைச் செய்தது. இங்கிலாந்தில் 1959ஆம் ஆண்டு வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டே இதன் மூலம். அதன் உருவை வகுத்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. எஞ்சின் 948 கன சென்டிமீட்டர் அளவினது, வலியிற் சிறியது. ஆனால் ஸ்டியரிங்கோ மிகச் சிறந்தது. பற்சட்டமும் பற்சக்கரமும் கொண்ட நேரடி அமைப்பாதலின் ஓட்டுவோன் கைக்குச் சாலையின் நிலை உடனே தெரியும். ஏறத்தாழ 25 அடி விட்டத்துள் முழுவட்டமாகத் திரும்பிவிடும்.

முன்புறத்தில் இரு கைகளும் சுருள்வில்லும் அமைந்தன. பின்புறத்திலோ, குறுக்கே கிடக்கும் ஒரே பட்டைவில்லும், 'ஸ்விங் ஆக்ஸில்' எனப்படும் ஊஞ்சல் அச்சும் அமைந்தன. குறை இருந்தது இப்பின்புறத்திலேதான்.

ஊஞ்சல் அச்சின் இயல்பு

ஊஞ்சல் அச்சாவது யாது? பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனி அரையச்சின் முனையிற் பிணைக்கப்பட்டுள்ளது. அவ்வரையச்சு நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியின் அருகே மட்டும் மடங்கும். சக்கரத்தின் அருகே மடங்காது. ஆகவே சக்கரம் மேலும் கீழும் செல்லும்போது கதவு கீலிற் சுழல்வதுபோல வில்வட்டமாகச் செல்லும். உடல் தாழ்ந்தால் சக்கரத்தின் மேற்பகுதி உட்சாயும்; அதனால் தீங்கு அதிகமில்லை. உடல் உயர்ந்தாலோ சக்கரத்தின் அடிப்பகுதி உள்ளே மடங்கி, டயர் தன் ஓரத்தின்மேல் நிற்கும். அப்பொழுது பிடிப்புக் குறையும்.

வண்டியின் பின்புறம் எப்பொழுது உயரும்? பிரேக்கை அழுத்தும்போது உயரும். ஓர் எளிய கணக்கால் இதனை விளக்குவாம். வண்டியின் எடை 800 கிலோகிராம் என்றும், பாதியெடை பின்சக்கரங்களின்மேல் உள்ளது என்றும், எடைமையம் தரையினின்று 0.55 மீட்டர் உயரத்தில் உள்ளது என்றும் கொள்க. ஹெரால்டின் முன்பின் சக்கரங்களின் இடைத்தூரம் 2.32 மீட்டர். புவியீர்ப்பில் பாதியளவு வேகத்தளர்வு உண்டாகுமாறு பிரேக்கை அழுத்தினால், 800ஐ 0.5ஆலும் 0.55ஆலும் பெருக்கி 2.32ஆல் வகுக்க, ஏறத்தாழ 95 கிலோகிராம் எடை பின்சக்கரங்களை விட்டு முன்சக்கரங்களுக்குச் செல்லும். நூறடிக்கு ஐந்தடி இறங்கும் சரிவாயின் மேலும் ஏறத்தாழ 9 கிலோகிராம் செல்லும். 400 கிலோகிராம் இருந்த இடத்தில் எஞ்சுவது ஏறத்தாழ 296 கிலோகிராமே.

இனி வளைவை எண்ணுக. இறக்கத்தில் மிகு வேகத்துடன் வளைவினுள் நுழைந்தவன் இடைவழியில் அஞ்சுகிறான். ஆக்ஸிலரேட்டரினின்று காலைச் சட்டென எடுத்துப் பிரேக்கை மிதிக்கிறான். பின்புறம் இலேசாகி உயர்கிறது. பக்கவாட்டு விசையோ வெளிச்சக்கரத்தை ஊன்றுகோலாக்கி உடலை மேலும் தூக்குகிறது. சக்கரம் உள்மடங்குகிறது, பின்புறம் சறுக்குகிறது. காப்பதற்கென்று செய்த செயலே கவிழ்ப்பதற்குக் காரணமாகிறது. இதனாலன்றோ, வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துக்கொள்க என்று அறிந்தோர் வற்புறுத்துவது.

மூவகை மருந்து

இந்நோய்க்கு வெவ்வேறிடங்களில் வெவ்வேறு மருந்து கண்டனர். இங்கிலாந்தில் 1968ஆம் ஆண்டு ஜி.டி. 6, விட்டெஸ் என்னும் உறவு வண்டிகளின் இரண்டாம் வகைகளில், பின்சக்கரத்திற்குக் கீழ்க்கை ஒன்றைச் சேர்த்து, அரையச்சின் இடையே ரப்பர் இணைப்பொன்றை வைத்தனர். சக்கரம் நிமிர்ந்தே ஏறியிறங்கலாயிற்று. இது முழுமையானது, ஆயினும் செலவு மிக்கது.

இரண்டாவது மருந்து 1970ஆம் ஆண்டு ஸ்பிட்பயர் வண்டியின் நான்காம் வகையில் வந்தது. குறுக்குப் பட்டைவில்லின் அடிப்பட்டையை மட்டும் இறுகப் பிணித்து, ஏனைய பட்டைகள் நடுவில் ஊசலாடுமாறு விட்டனர். வண்டி சாயும்போது பின்வில் அச்சாய்வைப் பெரிதும் எதிர்ப்பதில்லை; அதனால் வெளிச்சக்கரம் ஊன்றுகோலாவதும் குறைகிறது. பின்புறம் இழந்த எதிர்ப்பை முன்புறச் சாய்வுத்தடுப்புத் தண்டைப் பருமனாக்கி ஈடுசெய்தனர். ஈண்டு மாணவர் கருதற்பாலது ஒன்று: பின்னோயைத் தீர்க்க முன்னுறுப்பையும் மாற்றவேண்டியதாயிற்று. வில்லமைப்பு முழுவதும் ஓருடம்பு. ஓருறுப்பைத் தொட்டால் மற்றோர் உறுப்பு அதனை உணரும்.

மூன்றாவது மருந்து நம் சென்னையில் நிகழ்ந்தது. ஹெரால்டு 1971ஆம் ஆண்டுடன் நிற்க, 1972இல் அதன் வழித்தோன்றலாகக் கெசல் என்னும் வண்டி வெளிவந்தது. எஞ்சின் முன்னையதே, ஆனால் ஊஞ்சல் அச்சு நீக்கப்பட்டு, இடமும் வலமும் ஒரே தண்டாய் இணைந்த முழு அச்சுப் பொருத்தப்பட்டது. நூலறிவால் நோக்குவார்க்கு இது பின்னடைவாகத் தோன்றலாம். ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறினால் மற்றதும் சாயும், அச்சின் பளுவும் மிகுதி. ஆயினும் பிரேக் அழுத்தியபோதும் ஐவர் ஏறியபோதும் சக்கரங்கள் நிமிர்ந்தே நிற்கும்; சிற்றூர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம். ஓரிடத்திற்குப் பொருந்துவதே அவ்விடத்திற்குச் சீர்திருத்தம் என்பதை இம்மாற்றம் காட்டுகிறது.

திருத்தும் வரிசை

ஹெரால்டு ஒன்றை இன்று உடையவர் எவ்வரிசையிற் பணி தொடங்கல் வேண்டும்? புதியதைச் சேர்ப்பதற்கு முன் தேய்ந்ததை மாற்றுக என்பதே முதல் விதி.

முதலாவதாக, அடிச்சட்டத்தைச் சுரண்டித் துருவைப் பார்த்தல் வேண்டும். துருவேறிய சட்டத்திற் பொருத்திய புதுவில் மணலிற் கட்டிய சுவர்.

இரண்டாவது, டயர். ரப்பர் ஓடாமலேயே முதுமையடைந்து இறுகும். பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்கங்களுள் முதலிரண்டு அது செய்யப்பட்ட வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். நான்கும் ஒரே வகையாதல் வேண்டும். முன்னே ரேடியலும் பின்னே பழைய குறுக்குநூல் டயரும் இடுதல் பெருந்தவறு.

மூன்றாவது, முன்சக்கர நிலைத்தண்டு. இதன் கீழ்முனை திருகுமரையாய் அமைந்து, 'ட்ரன்னியன்' என்னும் வெண்கலக் கூட்டினுள் திரும்புகிறது. இதற்கு இடவேண்டுவது கியர் எண்ணெய், கிரீஸ் அன்று. கிரீஸ் மரையின் ஆழத்திற் புகாது இறுகிவிடும். நீர் புகுந்து துருவேற, தண்டு ஒருநாள் முறிந்து சக்கரம் மடிந்துவிடும். சில துளி எண்ணெய் ஒருவர் உயிரைக் காக்கும் இடம் இது.

நான்காவது, ஸ்டியரிங். பற்சட்டத்தைத் தாங்கும் ரப்பர்க் கட்டைகள் எண்ணெய் பட்டு ஊதிப் போயின், ஸ்டியரிங்கைத் திருப்பியதும் சக்கரம் திரும்பாமல் பற்சட்டமே முதலில் நகரும். புதிய ரப்பர்க் கட்டைகளோ, அலுமினியக் கட்டைகளோ இட்டால் இக்குறை நீங்கும். அலுமினியம் இறுக்கம் தரும், ஆனால் சாலையின் அதிர்வையும் கைக்குக் கொணரும். டை ராடு முனைகளையும் அவ்வாறே சோதித்து மாற்றுக.

ஐந்தாவது, கைகளின் புஷ்களும் ஷாக் அப்சார்பர்களும். வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விடுக. ஏறி, இறங்கி, உடனே அடங்கவேண்டும். பலமுறை ஊசலாடினால் ஷாக் பயனற்றது.

இவை முடிந்த பின்னரே வில்லைப் பற்றி எண்ணுக. தோற்றத்திற்காக முன்வில்லை வெட்டித் தாழ்த்துவோர் உளர். அங்ஙனம் தாழ்த்தினால் டை ராடும் கைகளும் ஒத்த வட்டத்திற் செல்லா. பள்ளந்தோறும் சக்கரம் தானே திரும்பும். இறுதியாகச் சக்கரங்களின் நேர்மையை அளவுக்கருவியால் ஒழுங்கு செய்க.

சட்டத்தையும் மறத்தலாகாது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில் தடுக்கிறது. 2021ஆம் ஆண்டின் விதிகளோ, ஐம்பதாண்டு கடந்து மூலவடிவிற் பேணப்படும் வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவுசெய்ய இடந்தருகின்றன. சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றிற் பெருமாற்றம் செய்தவை அத்தகுதி பெறா. அங்ஙனம் பதிவு பெற்றதை அன்றாடப் போக்குவரத்திற்கு ஓட்டலாகாது. ஆதலின் தேய்ந்ததைப் புதுப்பித்தல் எவர்க்கும் உரியது. அமைப்பையே மாற்றுதல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வினவியறிந்த பின் செய்யத்தக்கது.

முடிவுரை

எத்துணைச் சீர்திருத்தம் செய்யினும் இயற்கை விதியை வண்டி மீறாது. எரிபொருள் மிச்சமாகும் என்றெண்ணி இறக்கத்தில் கியரை நியூட்ரலில் விடுபவனை எந்த வில்லும் காவாது. எஞ்சினின் தடை இல்லாதொழிய, பாரம் முழுதும் பிரேக்கின்மேல் விழுந்து அது சூடேறித் தளரும். ஏறிய கியரிலேயே இறங்குக என்பது பழைய ஓட்டுநர் வழக்கு. அதன் பின்னே உள்ளதும் இதே பௌதிகமே.

ஆகவே, பழைய வண்டியைப் பேண விரும்பும் மாணவ நண்பர்களே, எஞ்சினின் வலியைப் பெருக்க முனையுமுன் வண்டியின் அடியிற் குனிந்து பாருங்கள். ஓடும் ஆற்றலினும் தக்க இடத்தில் அடங்கும் ஆற்றலும், சொன்ன திசையில் திரும்பும் ஆற்றலுமே வண்டிக்கு முதற்சிறப்பு. எண்ணெய்க்கலம், அளவுகோல், பொறுமை இம்மூன்றும் உடையவனே தொப்பூர் இறக்கத்தில் தன் வீட்டாரை அச்சமின்றி அழைத்துச் செல்லத் தகுதியுடையவன்.