ஸ்பிட்டிக்குப் போக இரண்டு வழி

ஹிமாசலப் பிரதேசத்தின் வடகிழக்குக் கோடியில், திபெத்தின் எல்லையை ஒட்டி, பருவமழை மேகங்கள் பெருமலைகளைத் தாண்டி வரமாட்டாமல் அப்பாலேயே நின்றுவிடுவதால் மரம் மட்டை அதிகமின்றி மண்ணும் பாறையுமாய் விரிந்து கிடக்கும் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்கு மோட்டாரில் போக ஆசைப்படுகிறவர்கள், எந்த வண்டி, எந்த விடுதி என்ற யோசனைகளுக்கெல்லாம் முன்பாக, எந்தப் பக்கமாக உள்ளே நுழைவது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

வழிகள் இரண்டு. சிம்லாவிலிருந்து புறப்பட்டு, சட்லெஜ் நதியின் ஓரமாகவே கின்னௌர் ஜில்லாவைக் கடந்து, பிறகு ஸ்பிட்டி நதியோடு மேலேறி, அப்பிரதேசத்தின் தலைமை ஊராகிய காஜாவை அடைவது ஒன்று; தூரம் 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மணாலியிலிருந்து, 2020-ல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப் பாதைக்குள் புகுந்து லாஹௌல் பக்கம் வெளிப்பட்டு, கிராம்ஃபூவில் பிரிந்து, குன்ஸும் கணவாயைத் தாண்டிக் காஜாவில் இறங்குவது மற்றொன்று. தூரம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பாதி தூரம்தானே என்று பலர் மணாலியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஆனால் இம்மாதிரிப் பிரயாணத்தில் கிலோமீட்டரைவிட உயரத்தையும், நீரோடைகளின் நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வதே விவேகம்.

உயரம்

மணாலி சமுத்திர மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காஜாவோ 3,600 மீட்டருக்கும் மேலே. இடையிலுள்ள குன்ஸும் கணவாய் ஏறத்தாழ 4,550 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேலே போனபிறகு, இராத் தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பது மலை வைத்தியர்கள் வகுத்துள்ள நியமம். காலையில் மணாலியில் புறப்பட்டு இரவு காஜாவில் படுக்கிறவர்களும், அதைவிட மோசமாக, நேரே 4,200 மீட்டருக்கு மேலுள்ள சந்திரதால் ஏரிக்கரைக் கூடாரங்களுக்குப் போய்ப் படுக்கிறவர்களும், இந்த நியமத்தை ஒரே நாளில் காற்றில் பறக்கவிடுகிறார்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, மூச்சுத் திணறல் ஆகிய உபத்திரவங்களில் ஒன்றோ பலவோ அவர்களைப் பிடித்துக்கொள்ள, பார்க்க வந்த மலைகளைப் பார்க்காமல் இரண்டு நாள் கம்பளிக்குள் முடங்கிக் கிடக்க நேரிடுகிறது.

சிம்லா வழி படிக்கட்டைப் போன்றது. சிம்லா 2,200 மீட்டர். கின்னர் கைலாசத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கல்பா கிட்டத்தட்ட 3,000. கல்பாவில் இரண்டு இரவு தங்கி, காப் என்னும் ஊரில் சட்லெஜும் ஸ்பிட்டியும் கூடுமிடத்தைப் பார்த்து, அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையில் நாக்கோ கிராமத்து ஏரியைப் பகலில் கண்டுவிட்டு, இரவுக்கு நாக்கோவைவிடத் தாழ்வான தாபோவுக்கு (சுமார் 3,300) இறங்கிவிடுவது உத்தமம். கி.பி. 996-ல் நிறுவப்பட்ட தாபோ மடாலயம் வெளிப்பார்வைக்கு வெறும் மண்சுவர். உள்ளே, மங்கிய வெளிச்சத்துக்குக் கண் பழகியபின், சுவர் முழுவதும் சித்திரங்களும், சுவரிலிருந்து புறப்பட்டு வருவதுபோன்ற சுதைப் பிரதிமைகளும் தெரியும். ஒரு பகலை அங்கே செலவிடுவதில் நஷ்டமே கிடையாது. அதற்குள் தேகமும் உயரத்துக்கு இணங்கிவிடும்.

பாதையும் நீரும்

கின்னௌர் வழி பெரும்பாலும் தார்ச்சாலை. பாறையைக் குடைந்து, தலைக்குமேல் கல் கூரையாய்க் கவிந்து நிற்க, ஒரு பக்கம் சட்லெஜின் அதலபாதாளமாகச் செல்லும் அச்சாலையில் அபாயம் மேலிருந்து வருவது: மழைக்காலத்தில் கல் உருளும், மலை சரியும், மணிக்கணக்கில் போக்குவரத்து நின்றுபோகும்.

குன்ஸும் வழியின் சங்கடமோ குறுக்கே வருவது. கிராம்ஃபூவிலிருந்து சத்ரு, பாதால் வழியாக லோசர் வரையில், திருத்த வேலைகள் நடந்துவந்தாலும், சந்திரா நதி உருட்டித் தள்ளிய கூழாங்கல்லும் சேறுமே பல இடங்களில் சாலை. பனிமலைகளிலிருந்து இறங்கும் ஓடைகள் பாலமில்லாத இடங்களில் பாதையின் மேலேயே பாய்கின்றன. வெயில் ஏற ஏறப் பனி உருகுவதால், காலை எட்டு மணிக்குக் கணுக்காலளவு இருந்த ஓடை பிற்பகலில் முழங்கால் தாண்டிவிடும். ஓடையண்டை வந்ததும் வண்டியை நிறுத்தி இறங்கி, முன்னே போகும் வண்டி எங்கே இறங்கி எங்கே ஏறுகிறது என்று கவனித்து, பிறகு முதல் கியரில், நடுவில் நிறுத்தாமலும் கியரை மாற்றாமலும், ஒரே சீராகக் கடப்பதுதான் அங்கத்திய டிரைவர்களின் வழக்கம். நம் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் தேர்ந்த கையும் இந்த ஒரு வித்தையைப் புதிதாகத்தான் பழக வேண்டும்.

சிரமத்துக்கு ஏற்ற பலனும் அந்த வழியில்தான் உண்டு. குன்ஸும் உச்சியில், பிரார்த்தனைக் கொடிகள் படபடக்க நிற்கும் தேவி கோயிலை ஒவ்வொரு வண்டியும் பிரதட்சிணம் செய்துவிட்டே மேலே செல்கிறது. பிரயாணிகள் இறங்கி, அங்குள்ள கல்லில் நாணயத்தை அழுத்தி வைத்து, ஒட்டிக்கொண்டால் வேண்டுதல் பலித்தது என்று சந்தோஷப்படுகிறார்கள்.

மாதமும் வண்டியும்

கின்னௌர் வழி பனிக்காலத்திலும் கூடியவரை திறந்திருக்கும். குன்ஸும் சாதாரணமாக ஜூன் முதல் அக்டோபர் வரை மட்டுமே. ஜூலை, ஆகஸ்டில் ஸ்பிட்டியில் மழை சொற்பம் என்றாலும் அங்கே போய்ச் சேரும் சாலைகள் மழையில் அடிபடுகின்றன. மழை ஓய்ந்து, ஓடைகளும் வற்றும் செப்டம்பரே இரு வழிகளுக்கும் பொருத்தமான மாதம்.

கின்னௌருக்குச் சாதாரணக் காரே போதும். குன்ஸுமுக்கு, அடிப்பாகம் தரையிலிருந்து நன்றாக உயர்ந்திருக்கும் வண்டி அவசியம். நான்கு சக்கர இயக்கம் இருந்தால் விசேஷம். கிராம்ஃபூவை விட்டால் காஜா வரை பெட்ரோல் பங்க் இல்லை. பெரும்பகுதியில் செல்போனும் பேசாது. கற்பாதை ஓட்டிப் பழகாதவர்கள் உள்ளூர் டிரைவரோடு வண்டியை வாடகைக்கு அமர்த்திக்கொள்வதே சிக்கனம். இந்தியக் குடிகளுக்கு அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை; இலங்கை, மலேசியா முதலான நாடுகளிலிருந்து வருகிறவர்கள் கின்னௌர் வழிக்கு இன்னர் லைன் பெர்மிட் பெற வேண்டும்.

முடிவு

குழந்தைகளோடும் வயோதிகர்களோடும் போகிறவர்கள் சிம்லா வழியாகவே போய் அவ்வழியே திரும்பட்டும். இருதய, சுவாச உபாதை உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் புறப்பட வேண்டாம். தேக பலமும் பத்து நாள் அவகாசமும் உள்ளவர்கள் சிம்லா வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்குவதே சிறப்பு. அப்படி இறங்கும்போதும், காஜாவில் சாவகாசமாகக் காலை ஆகாரம் முடித்துப் புறப்பட்டால் ஓடைகளைப் பிற்பகலில்தான் சந்திக்க நேரும். ஆகையால் கடைசி இரவை லோசரிலோ சந்திரதால் கூடாரத்திலோ கழித்துவிட்டு விடியற்காலையில் கிளம்ப வேண்டும். புறப்படுமுன், முந்தின நாள் எதிர்த்திசையிலிருந்து வந்த டிரைவர்களைக் கேட்டு, அவர்கள் வேண்டாமென்றால் மறுபேச்சின்றிக் கின்னௌர் பக்கம் திரும்பிவிட வேண்டும். அதற்கு இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ள இயலாதவர்கள் குன்ஸுமைத் தங்கள் திட்டத்தில் சேர்க்கவே வேண்டாம்.